மதுரையில் இருக்கிற வீட்டின் மேல் மாடி கட்ட வரைபட அனுமதி வாங்குவது எப்படி

இருக்கிற வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்கவும், பின்பக்கம் ஓர் அறை சேர்க்கவும் அனுமதி கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கட்டப்போகும் பகுதியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். விண்ணப்பம் திரும்பி வருவதோ கீழே ஏற்கெனவே நிற்கும் வீட்டால். பழைய வரைபடத்தில் 3 அடி என்று காட்டிய பக்கச் சந்து இன்று கழிப்பறையாகியிருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பத்திரத்தில் 1,200 சதுர அடி, நகர நில அளவைப் பதிவேட்டில் அதைவிடக் குறைவு என்றிருக்கும். ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது கீழ்வீட்டை. அது காகிதத்திலும் தரையிலும் ஒன்றாக இருந்தால் மாடிக்கான வேலை பாதி முடிந்த மாதிரி.

எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்

வெள்ளையடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசுவது, தரைக்கு டைல்ஸ் போடுவது, கதவு ஜன்னல் மாற்றுவது, மொட்டை மாடியில் தட்டோடு மாற்றுவது, இதற்கெல்லாம் யாரிடமும் போக வேண்டாம். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வீட்டின் உள்ளே மட்டும் நடக்கிற, வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத பராமரிப்பும் திருத்தமும் ‘அபிவிருத்தி’ என்ற கணக்கிலேயே வராது.

பரப்பு ஒரு சதுர அடி கூடினாலும் கதை வேறு. புது அறை, முதல் தளம், போர்ட்டிகோவை அடைத்து அறையாக்குவது, சுமை தாங்கும் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்குவது, வீட்டின் முன்பகுதியைக் கடையாக மாற்றுவது, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கூரை போடுவது நடுவில் மாட்டிக்கொண்ட விஷயம். நான்கு பக்கமும் திறந்த, துணி காயப்போடும் கொட்டகையை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதையே ஹாலோ பிளாக் வைத்து அடைத்து வாடகைக்கு விட்டால் அது அனுமதியில்லாத தளம்தான். கூரை தகரமாக இருப்பதால் அது கட்டடம் இல்லை என்று ஆகிவிடாது.

உங்கள் மனை எந்த எல்லைக்குள் இருக்கிறது

மாநகராட்சியின் 100 வார்டுகளுக்குள் என்றால் உங்கள் மண்டல அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவு. சாதாரணக் குடும்ப வீட்டுக்கு மாடி எடுக்கிற விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். உயரமும் குடியிருப்புகளின் எண்ணிக்கையும் கூடும்போதுதான் நகர் ஊரமைப்புத் துறைக்கு மேலே போகும். மாநகராட்சிக்கு வெளியே நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் விண்ணப்பம் அரசின் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான். விதிப்புத்தகமும் எல்லோருக்கும் ஒன்றே: 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. பழைய ஆட்கள் சொல்லும் அளவுகளில் பல அந்தக் காலத்தவை. இதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து வருடத்துக்கு முன் கொடுத்த அளவை வைத்து உங்கள் வரைபடத்தைப் போடாதீர்கள்.

2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், விளாங்குடி, ஹார்விபட்டி, திருநகர் பேரூராட்சிகளும், சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் உள்ளே வந்தன. இந்தப் பகுதிகளில் அதற்கு முன் கட்டிய வீடு என்றால், அனுமதி தந்தது மாநகராட்சி இல்லை, அன்றைய உள்ளாட்சி. அந்தக் கோப்பு கைமாறி வந்திருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் உள்ள வரைபடம் பல வீடுகளில் இருக்கிறது. அதை ‘அப்ரூவல் இருக்கிறது’ என்று நம்பி மேலே செலவழிக்க வேண்டாம். நகரமைப்புப் பிரிவில் அதைக் காட்டி, முந்தைய அனுமதியாக ஏற்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வசதி வாரிய வீடா? எல்லீஸ் நகர், அண்ணா நகர், கே.கே.நகர் போன்ற பகுதிகளில் இந்தக் கேள்வி வரும். தனி வீடாக இருந்து, விற்பனைப் பத்திரம் உங்கள் பெயருக்கு முடிந்திருந்தால் சிக்கல் குறைவு. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்தால் வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அடுக்குமாடியில் பிரிக்கப்படாத பங்கு உள்ளவர் தனியாக மேல்தளம் எடுக்கவே முடியாது. மொட்டை மாடி எல்லோருடையது.

மதுரைக்கே உரிய தடைகள்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மாசி வீதி, வெளி வீதி ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பேஸ்மட்டம் 2 அடி, அதாவது 0.6 மீட்டர். ஒரு தளத்துக்குத் தரையிலிருந்து அடுத்த தரை வரை 3 மீட்டர். தரைத்தளமும் இரண்டு மாடியும் என்றால் 9.6 மீட்டர். தாண்டிவிட்டது. தரைத்தளமும் ஒரு மாடியும் 6.6 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது மாடி வேண்டுமென்று தளத்தின் உயரத்தை ஒன்பதடிக்கும் கீழே குறைத்தால் மதுரை வெயிலில் அந்த அறையில் மனிதர் இருக்க முடியாது. அறைக்குள் 2.75 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

சமணர் படுகைகளும் குடைவரைகளும் உள்ள குன்றுகளின் அருகே, அதாவது யானைமலை, திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர்மலை, மாங்குளம், கொங்கர் புளியங்குளம் பக்கம் வீடு இருந்தால், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் அறவே கூடாது. பழுது பார்க்க மட்டும் கேட்கலாம். அதற்கடுத்த 200 மீட்டரில் தேசியச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வாங்கினால்தான் உள்ளாட்சி உங்கள் கோப்பைத் தொடும். இதற்கு மாதங்கள் ஆகும். கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தில் உங்கள் மனை எந்த நிறத்தில் விழுகிறது என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லிவிடுவார். கண்மாய், வாய்க்கால், கிருதுமால் நதிக்கரை ஓரம் என்றால் நீர்நிலையிலிருந்து 15 மீட்டர் என்ற கோடு குறுக்கே வரும், நீர்வளத் துறையின் கருத்தும் கேட்பார்கள். வண்டியூர், மாடக்குளம், செல்லூர், அவனியாபுரம் கண்மாய்களை ஒட்டிய தெருக்களில் இதைத் தட்டிக்கழிக்க வழியில்லை. தட்டிக்கழிக்கவும் கூடாது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அந்த வீடுதான்.

ஒத்தக்கடை, சமயநல்லூர், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசன நஞ்சையில் போட்ட மனைகள் நிறைய. மனைப்பிரிவே அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் 20.10.2016-க்கு முன் பத்திரம் பதிவான மனையை, 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தியிருக்க வேண்டும். அந்த வரன்முறை ஆணை கையில் இல்லாமல் கட்டட வரைபடத்தைத் தொடவே மாட்டார்கள்.

காகிதங்கள்: சேர்ப்பதைவிடப் பொருத்திப் பார்ப்பது முக்கியம்

வேண்டியவை இவ்வளவுதான்: பத்திரம், அதன் மூலப்பத்திரம், உங்கள் பெயருக்குச் சொத்து வந்த நாள் முதல் இன்று வரைக்குமான வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் பக்க அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடம். நகர நில அளவை முடிந்த பகுதியில் புலப்படத்துக்குப் பதிலாக நகர நில அளவைப் பதிவேட்டு நகல், டி.எஸ்.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்வது. பிறகு மனைப்பிரிவு அங்கீகார வரைபடம், முன்பு வாங்கிய கட்டட அனுமதியும் வரைபடமும், நடப்பு ஆண்டு வரை கட்டிய சொத்துவரி ரசீது, ஆதார், வீட்டின் நான்கு பக்கப் புகைப்படம். பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறை இணையதளத்திலும், வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலும் வீட்டிலிருந்தே எடுக்கலாம்.

எல்லாம் கையில் வந்ததும் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: பத்திரத்தில் உள்ள அளவு, பட்டாவில் உள்ள பரப்பு, புலப்படத்தில் உள்ள பக்க அளவு, நீங்களே டேப் பிடித்து அளந்தது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். இந்த மாற்றத்தைத் தோராயமாகப் போடும்போதே பாதிப் பிழை வந்துவிடும். நான்கும் ஒத்துப்போகாவிட்டால் குறைவான அளவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வித்தியாசம் சில அங்குலம் என்றால் குறைவான அளவுக்கே வரைபடம் போட்டுவிடுங்கள். அடிக்கணக்கில் என்றால் முதலில் சர்வேயரை வைத்து அளந்து பட்டாவைத் திருத்துங்கள். பட்டாத் திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டால், குறைபாட்டுக் கடிதம் வந்து அதே இடத்தில் நிற்பீர்கள்.

அப்பா இறந்து, சொத்து அண்ணன் தம்பி அக்கா எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், எல்லோரும் விண்ணப்பதாரர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவாகி, பட்டா மாறியிருக்க வேண்டும். ‘அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள்’ என்பது கோப்பில் செல்லாது. மாடி எழும்பிய பிறகு பாகம் பிரிப்பது கட்டுவதற்கு முன் பிரிப்பதைவிடப் பல மடங்கு கடினம். குடும்பம் நன்றாக இருக்கும்போதே எழுதி முடித்துக்கொள்ளுங்கள். வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் கேளுங்கள்.

பழைய வரைபடம் தொலைந்துவிட்டதா? வீட்டின் பழைய வரி ரசீது, வங்கிக் கடன் கோப்பு, முந்தைய உரிமையாளர், இந்த மூன்றிடத்திலும் தேடுங்கள். பெரும்பாலும் வங்கிக் கோப்பில் ஒரு நகல் கிடைக்கும். அனுமதி எண்ணும் ஆண்டும் தெரிந்தால் உள்ளாட்சியில் நகல் விண்ணப்பம் போடலாம். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

கீழ்வீட்டுக்கு அனுமதியே வாங்கவில்லை என்றால் மறைக்க வேண்டாம். கீழ்த்தளம், மேல்தளம் இரண்டையும் சேர்த்து முழு வீட்டுக்கும் விண்ணப்பம் போடுவதே வழி. கீழ்த்தளம் இன்றைய விதிக்குள் அடங்கினால் அதற்குரிய கட்டணத்தோடு தீர்ந்துவிடும். அடங்காவிட்டால் எந்தப் பகுதி விதியை மீறுகிறதோ அதை இடித்துக் காட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது பக்கச் சந்தில் பிறகு ஒட்டிய கழிப்பறையோ மாடிப்படிக்கட்டின் கீழ் அடைத்த அறையோதான். ‘வரன்முறை செய்துவிடலாம்’ என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். விதிமீறிய கட்டடங்களுக்கு விலக்கு தரும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டுமே.

அளவுகள்

தளப்பரப்புக் குறியீடு சாதாரண வீட்டுக்கு 2. மனை 1,200 சதுர அடி என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை. 750 சதுர அடியில் கீழ்வீடு உள்ளவர் அதே அளவில் மாடி எடுத்தால் 1,500-தான் ஆகிறது. ஆக, மாடி எடுப்பவரைக் குறியீடு தடுப்பதே அபூர்வம். தடுப்பது இடைவெளி.

குறுகலான குடியிருப்புத் தெருவில், சாலை 9 மீட்டருக்குள் என்றால், முன்பக்கம் 1.5 மீட்டர் விட வேண்டும். பக்க இடைவெளி மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். மாடி எடுக்கும்போது உயரம் கூடுகிறது, ஆகவே கீழ்த்தளத்துக்குப் போதுமாக இருந்த சந்து மேல்தளம் வந்ததும் போதாமல் போகலாம். இதைப் பொறியாளரிடம் முதல் நாளே எண்களாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அப்படிப் போதாமல் போனால் மேல்தளச் சுவரை உள்ளே தள்ளி எடுக்கலாம். ஆனால் தள்ளிய சுவருக்குக் கீழே சுவர் இருக்காது, பீம் வேண்டும். செலவு அங்கே கூடும்.

அடியும் மீட்டரும் மாறும் இடத்தில்தான் பலருடைய வரைபடம் கவிழ்கிறது. கொத்தனார் ‘3 அடி சந்து விட்டிருக்கேன்’ என்பார். 3 அடி என்பது 0.914 மீட்டர். விதி 1 மீட்டர் கேட்டால் எட்டரை சென்டிமீட்டர் குறைகிறது. இணையதளத்தில் ஏற்றும் வரைபடத்தை மென்பொருள்தான் முதலில் சரிபார்க்கிறது, அதற்கு ‘கிட்டத்தட்ட’ என்பது தெரியாது. 5 அடி என்பது 1.52 மீட்டர், அது 1.5-க்குப் போதும். ஆனால் அளவு சுவரின் வெளிப்பூச்சு முகத்திலிருந்து மனை எல்லை வரை. செங்கல்லிலிருந்து அளந்து 5 அடி விட்டுவிட்டு, முக்கால் அங்குலம் பூச்சும் பூசிவிட்டால் மீதம் ஒன்றும் இருக்காது. காம்பவுண்டுச் சுவர் உங்கள் மனைக்குள் இருக்கிறதா, பக்கத்து மனைக்குள் இருக்கிறதா என்பதும் இந்தக் கணக்கில் ஒரு 9 அங்குலத்தைக் கொண்டுபோய்விடும்.

சன்ஷேட் 2 அடிக்குள் இருக்கட்டும். மாடிப்படியை வெளியே, பக்கச் சந்தில் வைப்பது மதுரையில் எல்லாத் தெருவிலும் உள்ள பழக்கம், காரணம் மாடியைத் தனியே வாடகைக்கு விட வசதி. திறந்த படிக்கட்டுக்கு விதியில் சலுகை உண்டு. ஆனால் அதன் கீழ் பகுதியை அடைத்துக் குளியலறை ஆக்கியதும், மேலே கூரை போட்டுச் சுவர் வைத்ததும் அது கட்டடத்தின் பகுதியாகிவிடும், இடைவெளி போய்விடும். படி அகலம் 3 அடிக்குக் குறையாமலும், மிதி 10 அங்குலத்துக்குக் குறையாமலும், உயரம் ஏழரை அங்குலத்துக்கு மிகாமலும் வையுங்கள்.

மாடியில் ஒரு சமையலறை காட்டினால் அது இன்னொரு குடியிருப்பாகக் கணக்காகும். வண்டி நிறுத்துமிடக் கணக்கும் அதனால் மாறும். வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் உண்மையாகவே சமையலறை காட்டுங்கள். ‘ஸ்டோர்’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடுப்பு வைத்தால், சொத்துவரி மறுமதிப்பீட்டிலும் தனி மின் இணைப்பு கேட்கும்போதும் அது வெளியே வரும்.

மின்கம்பி. மாடி எடுக்கிறவர்கள் கடைசியில் பார்க்கிற விஷயம் இது, முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. தெருவில் போகும் சாதாரணக் கம்பிக்கும் உங்கள் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், கம்பி மேலே போனால் செங்குத்தாக 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி என்றால் பக்கவாட்டில் 1.2, செங்குத்தாக 3.7 மீட்டர். 33 கிலோவோல்ட் என்றால் பக்கவாட்டில் 2 மீட்டர். பால்கனி, சன்ஷேட் விளிம்பிலிருந்துதான் இந்த அளவை எடுக்க வேண்டும். முதல் மாடி பால்கனியில் ஈரத்துணி காயப்போடும்போது உயிர் போகும் விபத்துகளுக்கு இந்த இடைவெளியில் காட்டும் அலட்சியம்தான் காரணம். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கம்பியை நகர்த்தவோ காப்பிட்ட கேபிளாக மாற்றவோ கேளுங்கள். அது முடிந்த பிறகே சுவர் எழுப்புங்கள்.

கீழ்வீடு தாங்குமா

கட்டமைப்புப் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்று கோப்புக்காக வாங்கும் காகிதம் இல்லை. 600 சதுர அடி மாடி கீழே எவ்வளவு இறக்குகிறது என்று பாருங்கள். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சுமார் 17 டன். 9 அங்குலச் செங்கல் சுவர் 3 மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.4 டன் அளவில் வரும். 40 மீட்டர் சுவர் என்றால், கதவு ஜன்னல் கழித்து 45 டன்னுக்கு மேல். தரை, மனிதர், சாமான் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 80 டன்னைத் தொடும். இத்தனையும் முப்பது வருடத்துக்கு முன் ஒற்றைத் தளத்துக்காகப் போட்ட கடக்காலில், அதாவது அஸ்திவாரத்தில் இறங்குகிறது.

சோதிக்கும் முறை: வீட்டின் ஒரு மூலையிலும், நடுச்சுவரை ஒட்டியும், 3 அடிக்கு 3 அடி குழி தோண்டி கடக்காலின் அடி வரை போங்கள். ஒரே நேரத்தில் ஒரு குழிதான். அளவெடுத்துப் படம் எடுத்து, அன்றே மண்ணைக் கெட்டித்து மூட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதைச் செய்யக்கூடாது. பார்க்க வேண்டியவை கடக்காலின் ஆழம், அகலம், கருங்கல்லா செங்கல்லா, கீழே கான்கிரீட் படுகை உண்டா, என்ன மண். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். கரிசலில் ஆழமில்லாத கடக்கால் மேல் செங்கல் சுவர் மாடி எடுப்பது ஆபத்து. ஜன்னல் மூலைகளில் சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் அதன் மேல் சிறு சிமெண்ட் பட்டையோ கண்ணாடித் துண்டோ ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது உடைந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள். அந்த வீட்டில் மாடி வேண்டாம்.

கூரையில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து விழுந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தூண் வீடாக இருந்தால் சுத்தியல் சோதனை மேற்பரப்பின் கடினத்தை மட்டும் சொல்லும். சந்தேகம் இருந்தால் தூணிலிருந்து மாதிரி எடுத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பதே நம்பகமானது. ‘பின்னால் மாடி எடுக்கலாம்’ என்று மொட்டை மாடியில் நீட்டி விட்ட கம்பிகள் பல வருட மழையில் அரித்திருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு மிச்சமிருக்கும் விட்டத்தை அளந்து, அதற்கேற்பப் புதுக் கம்பியை ரசாயனப் பசையில் ஊன்றிச் சேர்க்க வேண்டும். பழைய கம்பியோடு நேரே கட்டிவிட்டுப் போவது தவறு.

இன்னும் இரண்டு விஷயம். மொட்டை மாடியில் போட்ட பழைய சுர்க்கியும் (செங்கல் தூள், சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் மூன்று நான்கு அங்குலம் கனமுள்ளவை, சுவர் வைக்கும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். அவை எடையும் கூட்டும், சுவருக்கு உறுதியான அடியும் தராது. மேல்தளச் சுவர்கள் கீழ்த்தளச் சுவர் மேலேயே வரட்டும். போர்ட்டிகோ தொங்குதளத்தின் மேல் அறை எடுக்க வேண்டாம். எடையைக் குறைக்க ஏ.ஏ.சி. கல், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல் வைத்தால் சுவர்ச் சுமை பாதிக்கும் கீழே போகும், கடக்கால் இழுபறியில் இருக்கும் வீடுகளுக்கு இதுவே பெரிய உதவி.

வரைபடமும் விண்ணப்பமும்

வரைபடத்தை உள்ளாட்சியில் பதிவு பெற்ற பொறியாளரோ கட்டட அளவையரோ போட வேண்டும். நன்றாகக் கட்டும் மேஸ்திரியிடம் கணினி வரைபடம் போடச் சொல்லி, யாருடைய முத்திரையையோ வாங்கி ஏற்றுவது பரவலாக நடக்கிறது. பிழை வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார். பதிவு எண்ணைக் கேட்டு, அது நடப்பில் உள்ளதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பியுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: குறைபாட்டுக் கடிதம் வந்தால் திருத்தித் தருவது அவர் பொறுப்பு, கணினி மூலக்கோப்பு உங்களுக்குத் தர வேண்டும், அரசுக் கட்டணம் அவர் சம்பளத்தில் சேராது.

வரைபடத்தில் இருக்கிற பகுதி, புதிதாகக் கட்டும் பகுதி, இடிக்கும் பகுதி மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். புதியது சிவப்பு, இடிப்பது மஞ்சள் என்பது வழக்கம். தளவரைபடத்தோடு மனை வரைபடம், படிக்கட்டு வழியே வெட்டிய குறுக்குத்தோற்றம், முன்தோற்றம், வடக்கு, தெருவின் அகலம், பாதாளச் சாக்கடை இணைப்போ கழிவுநீர்த் தொட்டியோ எங்கே என்பது, மழைநீர் சேகரிப்பு எல்லாம் வர வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். மாடி வந்தாலும் கூரைப் பரப்பு கூடுவதில்லை, ஆனாலும் குழாய்கள் மாறும். 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் அடியில் பெரிய ஜல்லி, மேலே மணல் போட்டால் சிறு வீட்டுக்குப் போதும். கரிசலில் குழியைக் கடக்காலை ஒட்டி வைக்காதீர்கள்.

‘இருக்கிற பகுதி’ என்று வரைவது இன்று தரையில் நிற்பதைத்தான் காட்ட வேண்டும், பழைய அனுமதியில் இருந்ததை அல்ல. இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் காட்டி, வேறுபாட்டைச் சரிசெய்வதை இந்த விண்ணப்பத்திலேயே சேர்க்க வேண்டும். தள ஆய்வுக்கு வருபவர் கையில் உங்கள் வரைபடம் இருக்கும். சந்தில் ஒரு டேப்பைப் பிடித்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு உடனடி அனுமதி கிடைக்கிறது. ஏற்கெனவே வீடு நிற்கும் மனையில் மாடி எடுக்க வழக்கமான வழியே பொருத்தம். சுயசான்றில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்கள் கையெழுத்துக்குத்தான். பின்னால் கீழ்வீட்டில் மீறல் தெரிந்தால் அனுமதி ரத்தாகிவிடும்.

ஏற்றிய பிறகு பரிசீலனைக் கட்டணம், ஆய்வு, பிறகு கேட்புக் கடிதம். கேட்புக் கடிதத்தில் அபிவிருத்திக் கட்டணம், உரிமக் கட்டணம், மதிப்பீட்டில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி ஆகியவை தனித்தனி வரியாக இருக்கும். அதில் இல்லாத எதுவும் கட்டணம் இல்லை. இணையவழியில் நீங்களே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள்.

குறைபாட்டுக் கடிதம் வந்தால் பதற வேண்டாம், கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில், ஒரு ஆவணம் என்று திருப்பி ஏற்றுங்கள். மூன்று குறையில் இரண்டுக்கு மட்டும் பதில் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. மறுத்துவிட்டால் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. அதற்குரிய காலக்கெடு ஆணையிலேயே இருக்கும், தவறவிடாதீர்கள்.

அனுமதி கையில் வந்த பிறகு

அனுமதி எண்ணும் வரைபட நகலும் வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கொத்தனாரிடம் கொடுப்பது அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் மட்டுமே. வீட்டில் வேறு ஒரு ‘வேலை வரைபடம்’ ஓடினால் அதிலிருந்துதான் மீறல் பிறக்கும். ‘ஒரு அடி வெளியே இழுத்துக்கலாம்’ என்ற பேச்சு சென்டரிங் அடிக்கும் நாளன்று வரும். அன்று நீங்கள் அங்கே இருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலை தொடங்கும் முன் போய்ச் சொல்லுங்கள். பொதுச்சுவர் என்றால் அதன் மேல் எழுப்ப அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர் முன்னிலையிலேயே தேதியோடு படம் எடுத்து வைத்தால், பிறகு யாருக்கும் மனக்கசப்பு வராது. பெரும்பாலான புகார்கள் விதியைப் பற்றித் தொடங்குவதில்லை, அவர் முற்றத்தில் விழுந்த சிமெண்ட் பாலில்தான் தொடங்குகின்றன. அது நகரமைப்புப் பிரிவுக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை நீளும்போது, அளந்து பார்ப்பார்கள். மீறல் இருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் அறிவிப்பும் பூட்டி முத்திரை வைப்பதும் தொடரும்.

வேலை முடிந்ததும் சொத்துவரி மறுமதிப்பீட்டுக்கு நீங்களே விண்ணப்பம் போடுங்கள். கூடுதல் பரப்பை மறைத்தால் பின்னால் நிலுவையோடு வரும். கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு பக்க இடைவெளியையும் மறுபடி அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து, அனுமதி ஆணை, கட்டண ரசீதுகள், உறுதித்தன்மைச் சான்று எல்லாவற்றோடும் பத்திரப் பெட்டியில் வையுங்கள். இரண்டாவது மாடிக்கோ விற்பனைக்கோ வங்கிக் கடனுக்கோ முதலில் கேட்பது இந்தக் காகிதக் கட்டைத்தான்.